உனக்கு வயிற்று வலி இல்லை, மகனே

ஐயா, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். போன சனிக்கிழமை மத்தியானம் நான் நம் வீட்டுக் கூடத்தில் குப்புறக் கிடந்தேன். வழுக்கி விழவில்லை, மயக்கமும் இல்லை. வேண்டுமென்றேதான் படுத்தேன். கோவிட் நேரத்தில் மூச்சு முட்டிக் கிடந்தவர்களை வார்டில் குப்புறப் புரட்டிப் படுக்க வைப்போம் என்று சொல்வாயே, அப்படிப் படுத்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பாயை விரித்து, நெஞ்சுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, எல்லாம் நீ சொன்ன மாதிரியே. படுத்தது சுலபம். எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓட்டி உட்கார்ந்தே வளர்த்த வயிறு ஒரு பக்கம் உருள்கிறது, கையை ஊன்றினால் பாய் வழுக்குகிறது. முட்டையிடக் கரையேறின ஆமை மாதிரி துழாவிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் உனக்குப் பெண் கொடுக்கப்போகிற வீட்டிலிருந்து தேவிகாவின் பெரியப்பா வந்து சேர்ந்தார். தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஜாசின் வரை வெயிலில் கார் ஓட்டி வந்த மனுஷன், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தால் வருங்காலச் சம்பந்தி தரையில் கிடக்கிறாள்.

“ஐயோ, சம்பந்தியம்மா! விழுந்துட்டீங்களா?”

“விழல லா. படுத்திருக்கேன்.”

“தரையிலயா?”

“பாயிலதான்ங்க. பாய் எனக்குக் கீழ மறைஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியல.”

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன், பதறிப்போய்விட்டார். கையில் இருந்த பாட்டிலைத் திறந்து, என் முகத்தைத் தூக்கிப் பிடித்து, வாயில் ஊற்றிவிட்டுத்தான் கையைப் பிடித்து எழுப்பினார். ஓமத் தண்ணீர். உனக்காக அவர் வீட்டிலேயே காய்ச்சிக் கொண்டுவந்தது. உன் வயிற்று வலிக்கு வந்த மருந்து கால் பாட்டில் என் வயிற்றுக்குள் போய்விட்டது. எனக்கும் வயிற்று வலி இல்லை, உனக்கும் இல்லை. இருந்தும் நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், இஞ்சிச் சாறு, வாழைத்தண்டுச் சாறு என்று வரிசை கட்டி நிற்கிறது. மீன் வைக்க இடமில்லை.

எல்லாம் உன் பெரிய மாமா செய்த வேலை. என் கூடப்பிறந்த அண்ணன்தான், இருந்தாலும் சொல்கிறேன். அன்றைக்கு அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: “மாப்பிள்ளை அடிக்கடி கிளினிக்குக்குப் போறதா யாரோ சொன்னாங்க. என்னான்னு தெரிஞ்சிக்கலாமா?” கேட்ட விதத்தில் ஒரு தப்பும் இல்லை. பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார். நீ வாயைத் திறப்பதற்குள் உன் மாமா முந்திக்கொண்டான். “அதுவா? ஒண்ணுமில்லீங்க. பையனுக்கு கேஸ்டிக். நேரத்துக்குச் சாப்பிடமாட்டான்.” நான் உன்னைப் பார்த்தேன். தேநீர்த் தட்டோடு நின்ற தேவிகாவும் உன்னைப் பார்த்தாள். அவளுக்கு நீயே முன்னால் எல்லாம் சொல்லிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ தேநீரைப் பார்த்துக்கொண்டே, “ஆமாங்க, கேஸ்டிக்” என்றாய். நான் அங்கேயே உடைத்திருப்பேன். ஆனால் அது உன் விஷயம், உன் வாயிலிருந்து வரவேண்டியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் நாக்கைக் கடித்துக்கொள்வது எவ்வளவு அபூர்வம் என்று உனக்கே தெரியும்.

அது அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ அந்த மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை. “கல்யாணம் முடியட்டும்மா, யாராவது பார்த்துடுவாங்க” என்றாய். மாத்திரை உறை மேசை டிராயரில் அப்படியே கிடக்கிறது, துடைக்கும்போது பார்த்தேன். மறுபடியும் பழையபடி வெளியே போய் நம் வேனுக்குள் தனியாக உட்கார ஆரம்பித்திருக்கிறாய். சனிக்கிழமை பெரியப்பா இன்னொரு செய்தியும் சொன்னார். மாப்பிள்ளையின் வயிற்றை முன்னிட்டுக் கல்யாணச் சாப்பாட்டில் மிளகாயைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டாராம். கோழிப் பிரட்டலில் கூடவா என்று கேட்டேன். அதில்தான் முதலில் என்றார். மாமா சொன்ன ஒரு பொய், ஊரைக் கூட்டி வைக்கிற விருந்தில் வந்து நிற்கிறது. இன்னும் போனால் உன் பிள்ளைக்கும் காரமில்லாத சோறுதான் ஊட்டுவார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் பேசலாம், ஆனால் பேச்சில் உன் முகம் வாடினால் நான் உடனே ஒரு கிண்டலைப் போட்டு உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு நழுவிவிடுவேன். எழுத்தில் உன் முகம் எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு நின்ற கை இது. எழுத்துப்பிழையைத் தேவிகா திருத்தட்டும், அவள் டீச்சர்தானே.

உன் வேலை என்ன என்று யார் கேட்டாலும் நமக்கு ஒரு பாடு. பிசியோதெரபி என்று சொன்னால், “ஓ, உடம்பு பிடிச்சு விடுவாரா?” என்பார்கள். நானே உன்னை எத்தனை தடவை ‘மஸாஜ்காரா’ என்று கூப்பிட்டு வம்பு இழுத்திருக்கிறேன். நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் நீ என்ன செய்கிறாய் என்பது எனக்கே விளங்கியது. எல்லாரும் எல்லாரையும் விட்டுத் தள்ளி நின்ற காலத்தில், தொட்டுத்தான் செய்யவேண்டும் என்ற வேலையை நீ பார்த்தாய். நெஞ்சில் கட்டிய சளியை வெளியே கொண்டுவருவது, ஆளைப் புரட்டுவது, நினைவு திரும்பினதும் உட்கார வைப்பது, அப்புறம் நிற்க வைப்பது. டிவியில் டாக்டரைக் காட்டினார்கள், நர்ஸ் மிஸ்ஸிகளைக் காட்டினார்கள். நல்லது, காட்டவேண்டியவர்கள்தான். உன்னைக் காட்டுவார்கள் என்று நானும் தினம் உட்கார்ந்து பார்த்தேன். உன் அப்பா சொன்னார், “முகம் முழுக்க மூடியிருக்கு, காட்டினாலும் உனக்கு எப்படித் தெரியும்?” நடையை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்றேன். நீ கடைசி வரை வரவில்லை.

வீட்டுக்குள் வரமாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்ததும் நம் பள்ளிக்கூட வேன்தான் உனக்கு வீடானது. பள்ளி மூடிக் கிடந்தது, வேனும் சும்மா நின்றது. அப்பாவும் நானும் பின் சீட்டுகளைக் கழற்றி, மெத்தை போட்டு, ஜன்னலில் என் பழைய புடவையைத் திரையாகக் கட்டினோம். வேலை முடிந்து வந்து, குளித்து, அதற்குள் ஏறிவிடுவாய். நான் தட்டை முன் சீட்டில் வைத்துவிட்டு ஒரு ஹாரன் அடித்துவிட்டு ஓடிவருவேன். “ஓட்டல்ல பெல் அடிச்சா சாப்பாடு வரும், இங்க ஹாரன் அடிச்சா வரும்” என்று வாசலில் நின்று கத்துவேன். புடவைக்குப் பின்னாலிருந்து நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் ஏமாந்தேன். சிரிக்கிறவன் நன்றாக இருக்கிறான் என்று என் அம்மா வீட்டிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகவே அப்படி நினைத்துக்கொண்டேன்.

சுங்கை ரம்பாயிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவரைப் பற்றி மட்டும் நீ நிறையப் பேசுவாய். “தம்பி, இந்தக் கால் இனிமே கிளட்ச் மிதிக்குமா?” என்று தினமும் உன்னைக் கேட்பார் என்பாய். மிதிக்கும், மிதிக்க வைக்கிறேன் என்று நீ சொல்லி, நாளுக்கு நாள் உட்கார வைத்து, ஒரு நாள் ஜன்னல் ஓரம் நிற்க வைத்தே விட்டாய். வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு லாரியைப் பார்த்து அவர் அழுதார் என்று என்னிடம் வேன் ஜன்னல் வழியாகச் சொன்னபோது உன் முகம் அப்படி இருந்தது, பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளை மாதிரி. மறுநாள் அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. “எப்படிடா இருக்காரு உன் டிரைவரு?” என்று கேட்டேன். “மீன் குழம்பு நல்லா இருந்துச்சுமா” என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தாய். கழுவி வைத்த மாதிரி சாப்பிட்டிருந்தாய். நானும் குழம்புக்குக் கிடைத்த பாராட்டில் மயங்கி உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு நீ வேலைக்குப் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

கட்டுப்பாடெல்லாம் எடுத்து, ஊரே கல்யாணம், திருவிழா என்று விட்டதைப் பிடிக்க ஓடின நேரத்தில் நான் செய்ததுதான் பெரிய கூத்து. நீ வேனை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டாய், எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. நம் தாமான் குடியிருப்பில் யாருக்கு முட்டி வலித்தாலும், “என் மகன் இருக்கான்ல, ஞாயித்துக்கிழமை வாங்க” என்று சொல்லிவிட்டேன். நம் ஆட்களுக்கு ஒரு வீட்டில் பிசியோ இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், அதுவரை வலிக்காத தோளும் வலிக்கும். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஆளுக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரி மாதிரி சுற்றினேன். “ஐயா, இந்த முட்டி மட்டும் பாரேன்.” “தம்பி, முதுகுல ஒரு பிடிப்பு, இங்க, இல்ல அங்க.” நீ என் காதருகில் வந்து, “மா, எனக்கு இன்னிக்கு முடியலமா” என்றாய். “வீடு தேடி வந்தவங்கள எப்படிய்யா திருப்பி அனுப்புறது? ரெண்டு பேர்தான், பாத்துவுடு” என்றேன். ரெண்டு பேர் என்றைக்கு ரெண்டு பேராக நின்றிருக்கிறார்கள்? வார வாரம் இதே கதை. வார நாளெல்லாம் ஆஸ்பத்திரி, ஞாயிறு என் ஆஸ்பத்திரி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வரிசை அக்காளின் தோளில் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டாய். கை நகரவில்லை. “என்னா தம்பி, எலும்பு ஏதும் விலகியிருக்கா?” என்று அந்த அக்காள் பயந்துபோய்க் கேட்டாள். நீ கையை எடுத்துவிட்டு நேராகப் போய் வேனில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாய். வெயில் மண்டையைப் பிளந்தது, இஞ்சின் ஓடவில்லை, ஜன்னல் மூடியிருந்தது. நான் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. “ஹாரன் அடிக்கவா?” என்று அப்போதும் ஒரு கிண்டல் என் வாயில் வந்தது பார். நீ கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, “மா, இந்தக் கை எனக்கு வேணாம்மா. இனிமே யாரையும் தொட முடியாதும்மா” என்றாய். உள்ளே போய் நாற்காலிகளை அடுக்கினேன். “எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இனிமே இங்க யாரும் வரக்கூடாது” என்று சொன்னேன். ஒரு அம்மா, “மைலோ பாதி குடிச்சிருக்கேன்” என்றாள். கிளாஸோடு கொண்டுபோங்க என்றேன்.

உன்னோடு வேலை செய்கிற ரோஸ் அக்கா வராமல் இருந்திருந்தால் நான் உன்னைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போயிருப்பேன். சாமிமேல் குறையில்லை, ஆனால் சாமி மாத்திரை எழுதித் தராது. அவள் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நம் படியிலேயே உட்கார்ந்து, அத்தை முறை வைத்து, “மாக்சிக், கோபப்படாதீங்க. அவன் பலவீனமானவன் இல்ல. நாங்க நிறையப் பேரு இப்படித்தான் இருக்கோம். நான் எழுப்பி நடக்க வெச்சும் போய்ச் சேர்ந்தவங்க கனவுல வந்து நிக்கிறாங்க. நானும் மனசுக்கு வைத்தியம் பாக்கிற கிளினிக்குக்குப் போறேன்” என்று மலாயில் சொன்னாள். அவ்வளவு பெரிய சிரிப்புக்காரி, நோன்புப் பெருநாளைக்கு நமக்குக் கேக் கொண்டுவருகிறவள், அவளும் போகிறாள் என்றதும்தான் எனக்குப் புத்தி வந்தது. மறுநாள் அவள் காரில் உன்னை அழைத்துப் போனாள். அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரேயடியாக ஒன்றும் மாறவில்லை. மெதுமெதுவாகத் தூங்கினாய், மெதுமெதுவாக வேலைக்குத் திரும்பினாய். ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாய். அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று பொய் சொல்லிச் சாப்பிட்டவன் திரும்பவும் குறை சொல்கிறானே!

இப்போது அதையெல்லாம் கேஸ்டிக் என்று சொல்லிப் பாதியில் நிறுத்தப் பார்க்கிறாய். கேளடா. நீ கால் உடைந்தவனைப் பார்த்து, “கட்டு பிரிச்சாச்சு, பயிற்சி வேணாம், வீட்டுக்குப் போ” என்று சொல்வாயா? முட்டி ஆப்பரேஷன் ஆனவர் பாதியில் வராமல் போனால் போன் போட்டுத் திட்டுகிறவன் நீ. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? மாத்திரையைக் குறைக்கவேண்டுமா, நிறுத்தவேண்டுமா, டாக்டர் சொல்லட்டும். உன் பெரிய மாமா டாக்டர் இல்லை. அவன் இந்த வயசிலும் மூக்கில் ரத்தம் வந்தாலே மயங்கி விழுகிறவன். “ஆம்பளைப் பையன், பைத்தியக்கார டாக்டர்கிட்ட போறான்னு தெரிஞ்சா மானம் போயிடும்” என்று அவன் நேற்றும் போனில் சொன்னான். எந்த மானம் என்று கேட்டேன். மூச்சு நின்றுபோகிற பத்துப் பதினைந்து மனிதர்கள் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் வெந்துகொண்டு, அவர்களைத் தூக்கி நிறுத்திய கை அது. அந்தக் கை ஒரு நாள் நகர மறுத்தால் அதற்கு வெட்கப்படவேண்டியது நீயா? தோட்டத்தில் உரம் போட்டு என் தோல் வெந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன், யாரும் என் மானத்தைப் பற்றிப் பேசவில்லை. வேலை செய்த இடத்தில் பட்ட காயம். உனக்கும் அதுதான். உனக்குப் பட்டது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

ஆனால் உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன். பெரியப்பா என்னிடம் கேட்டால், “அவன்கிட்டயே கேளுங்க” என்பேன், கேஸ்டிக் என்று மட்டும் என் வாயிலிருந்து வராது. நீயே போ. தேவிகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை, தரையில் கிடந்த என்னைத் தூக்கிவிட்டவர். கேட்டுவிட்டுப் பெண் இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும். ஓமத் தண்ணீர்ப் பாட்டிலையெல்லாம் கழுவித் துடைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். இன்னொன்று, கல்யாணத்துக்கு அப்புறம் உங்கள் வீட்டு வாசலில் யாராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தால், முடியாது என்று சொல்லப் பழகு. தேவிகாவுக்கும் பழக்கு. என்னிடம் கற்றுக்கொள்ளாதே, நான் இன்னும் அதில் பெயில்தான்.

இந்தக் கடிதம் முதலில் உன் கைக்குத்தான் வருகிறது. பத்திரிகைக்குக் கொடு, இதே வேலை பார்க்கிற பிள்ளைகளின் அம்மாமார் படிக்கட்டும் என்று ரோஸ் அக்கா சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, நான் சொல்லக் கேட்டுத்தான் சொன்னாள். நீ வேண்டாம் என்றால் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ சரி என்று சொல்லிவிட்டாய் என்று அர்த்தம். மிளகாய் முழு அளவுக்குத் திரும்பிவிட்டது என்றும் அர்த்தம்.

நேற்று பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நீ தவறவிட்ட தேதிக்குப் பதிலாக வேறு தேதி கேட்கலாம் என்று உன் கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் மிஸ்ஸி அடையாள அட்டையை, ஐசியைக் கேட்டாள். என் ஐசியைக் கொடுத்தேன். நம்பர் கொடுத்தாள். உள்ளே கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். தேதி கேட்க வந்தவளுக்கு இது எதற்கு என்று தோன்றியது, ஆனாலும் கையை நீட்டினேன். அப்புறம் ஒரு சின்ன வயசுத் தமிழ் டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். “தூக்கமெல்லாம் எப்படிம்மா?” என்று கேட்டாள். “எங்கம்மா தூங்குறது? இவன் வேன்ல படுத்ததுலேர்ந்து அரைத் தூக்கம்தான்” என்றேன். “அழுகை வருதா?” என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு அழுதேன். டிஷ்யூ கொடுத்தாள். ரொம்ப நேரம் பேசினோம். எழுந்திருக்கும்போதுதான் நான் வந்தது என் மகனுக்காக என்று சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேரைத் திருத்தவில்லை. உனக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் இடம் இருக்கிறதாம், நீ போன் போட்டு வருகிறேன் என்று சொன்னால் போதும். எனக்கு வியாழக்கிழமை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வரத் தோதான நேரமாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.